குமரியிலிருந்து தொழில்முறை கோல்ஃப்: ஊர்ப் பயிற்சி முதல் ஸ்கோர் கார்டு கையெழுத்து வரை

குமரி மாவட்டத்தில் 18 குழி கோல்ஃப் மைதானம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ., அதுவும் 9 குழிதான். 18 குழி ஆட வேண்டுமென்றால் கோயம்புத்தூர், கொடைக்கானல், சென்னை, பெங்களூரு என்று கிளம்ப வேண்டும். கோயம்புத்தூருக்கு நாகர்கோவிலிலிருந்து இரவு ரயில் இருக்கிறது, பெங்களூருக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயணமும் பணம். அதனால் இங்கிருந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆக நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை ஊரிலேயே பழகி முடிப்பது, எதற்காக மட்டும் மைதானத்துக்குப் போவது என்பதைத்தான். பந்து கிளப் (அடிக்கும் மட்டை) முகத்தின் நடுவில் படுவது, வெட்ஜ் (குறுந்தூரத்துக்கான கிளப்) மணலில் இறங்கும் இடம், ஆறடிக்குள் பட்டிங் (குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவது), கால் பலம் எல்லாம் ஊரில் முடியும். மைதானத்துக்குப் போவது அளப்பதற்கு: ஒவ்வொரு கிளப்பிலும் பந்து எத்தனை யார்டு பறந்து விழுகிறது, எந்தப் பக்கம் தவறுகிறது என்று எழுதிக்கொண்டு வருவதற்கு.

போகிற வழி

இந்தியாவில் ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளை 2006-இல் தொடங்கிய பி.ஜி.டி.ஐ. (புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா) நடத்துகிறது. பெண்களுக்கு இந்திய மகளிர் கோல்ஃப் சங்கத்தின் தொடர் இருக்கிறது. அமெச்சூர் நிலையில் ஆடுகிறவரை இந்தியன் கோல்ஃப் யூனியன் போட்டிகள்தான் படிக்கட்டு. பி.ஜி.டி.ஐ.யில் ஆடும் உரிமை பெற குவாலிஃபையிங் ஸ்கூல் என்கிற தகுதிப் போட்டியைத் தாண்ட வேண்டும். அதில் முன்கட்டம், இறுதிக்கட்டம் என்று உண்டு. இறுதிக்கட்டத்தில் முன்னணியில் முடிப்பவர்களுக்கே கார்டு, அதாவது ஆடும் உரிமை. கட்டணமும் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்த ஆண்டின் நுழைவுப் படிவத்தை முழுதாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

எப்போது தொழில்முறைக்கு மாறலாம்? பழகிய 9 குழியில் பார் (ஒவ்வொரு குழிக்கும் வகுத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கை) அடிப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இதுவரை ஆடாத 18 குழி மைதானத்தில், பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடங்களில் மிகப் பின்னால் இருப்பது), அடுத்தடுத்து நான்கு நாள் பாரை ஒட்டி முடிக்க முடிகிறதா என்பதே கணக்கு. கட் (போட்டியின் பாதியில் மேலே ஆடுபவர்களைப் பிரிக்கும் வரம்பு) தவறினால் பொதுவாகப் பரிசுப் பணம் கிடையாது, செலவு மட்டும் நிற்கும்.

1991-இல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேர், 2009-இல் வென்ற முனியப்பா இருவரும் கேடியாக (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உதவுபவராக) தொடங்கியவர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தகப்பனார் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர். இவர்களிடம் பணம் இல்லை, ஆனால் கிரீன் காலடியில் இருந்தது. அந்த வசதிதான் நமக்கு இல்லாதது. அதனால் கீழே சொல்லும் வலையையும் மணலையும் ஒப்புக்குச் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள்.

முற்றத்தில் வலை

3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலத்துக்கு ஜி.ஐ. குழாயில் சட்டம் போதும். வலைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மீன்பிடி வலை விற்கிற இடங்களில் கிடைக்கும். கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ.; வலையின் கண்ணி 25 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பயன்படுத்திக் கழித்த வலையை வாங்காதீர்கள். டிரைவரில் (மிக அதிகத் தூரத்துக்கான கிளப்) அடித்த பந்து மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் போகும். வெயிலிலும் உப்பிலும் நைந்த நூல் அதைத் தாங்காது. நடுப்பகுதியில் ஓரடி இடைவெளி விட்டு இரண்டாவது அடுக்கு தொங்கவிடுங்கள்.

வலையை இறுக்கிக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இறுகிய வலை பந்தைத் திருப்பி முகத்துக்கே அனுப்பும். மேலே மட்டும் கட்டி, தளர்வாக விட்டு, அடிப்பகுதி தரையில் புரளும்படி வைத்தால் பந்து மோதிய இடத்திலேயே விழும். குழாய்களுக்கு முன்னால் வலை வர வேண்டும், குழாயைச் சுற்றிக் கெட்டியான நுரைப்பஞ்சு வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நடுக்கண்ணிகளை விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் வெளுத்துப் பிசிறடித்தால் மாற்றிவிடுங்கள்.

பந்திலிருந்து வலைக்கு 3 மீட்டர் தூரம் விடுங்கள். வலையில் தரையிலிருந்து 60, 90, 130 செ.மீ. உயரங்களில் மூன்று நிற நாடா கட்டுங்கள். நன்றாகப் பட்ட டிரைவர் பந்து ஏறக்குறைய முதல் நாடாவிலும், 7 அயர்ன் (நடுத்தூரத்துக்கான கிளப்) இரண்டாவதிலும், பிட்ச்சிங் வெட்ஜ் மூன்றாவதிலும் மோதும். வலையில் பந்து பறப்பது தெரியாததால் நாளடைவில் உடம்பு பின்னால் சாய்ந்து பந்தைத் தூக்கி அடிக்கும் பழக்கம் வந்துவிடும். 7 அயர்ன் பந்து மூன்றாவது நாடாவுக்கு ஏறினால் அது வந்துவிட்டது என்று அர்த்தம்.

பந்தின் பின்பக்கம் வெள்ளைப் பலகை மார்க்கரால் ஒரு பொட்டு வையுங்கள். அடித்ததும் கிளப் முகத்தில் அந்த மை ஒட்டியிருக்கும். 20 பந்துகளில் 15 பொட்டுகள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுகிறவரை வேகத்தைக் கூட்டாதீர்கள். பொட்டு குதிகால் பக்கம் ஒதுங்கினால் பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறீர்களா, இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

மணலும் வயலும்

பங்க்கர் (மைதானத்தில் இருக்கும் மணல் பள்ளம்) பயிற்சிக்கு நம் கடற்கரையை விட நல்ல இடம் கிடையாது, ஆனால் பந்து இல்லாமல். சங்குத்துறை, சொத்தவிளைப் பக்கம் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் போங்கள். அலை எட்டாத உலர்ந்த மணலில் குச்சியால் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு இடது குதிகாலுக்கு ஒரு கை அகலம் உள்ளே வருமாறு நில்லுங்கள் (வலது கைக்காரர்களுக்கு). சாண்ட் வெட்ஜின் முகத்தைத் திறந்து வைத்து, கோட்டை ஒட்டியே வெட்டி வாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாண் நகர்ந்து. பிறகு திரும்பி நின்று பள்ளங்களைப் பாருங்கள். எல்லாம் கோட்டில் தொடங்கி, ஆழமில்லாமல் முன்னால் நீண்டிருந்தால் சரி. கோட்டுக்கு நான்கு விரற்கடை பின்னாலேயே தொடங்கினால் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது. பள்ளம் குறுகி ஆழமாக இருந்தால் முகம் மூடியபடி இறங்குகிறது. அடிக்கும் முன் கிளப்பை மணலில் ஊன்றாமல் அந்தரத்தில் பிடித்தே பழகுங்கள். போட்டியில் பங்க்கருக்குள் பந்துக்குப் பின்னால் மணலைத் தொட்டால் ஸ்கோரில் இரண்டு ஸ்ட்ரோக் கூட்டி அபராதம்.

அடுத்து ஈரமணலுக்கு இறங்கி இன்னொரு கோடு. மழைக்குப் பிறகு பங்க்கர் இப்படித்தான் இறுகிக் கிடக்கும். முகத்தை அதிகம் திறந்தால் வெட்ஜின் அடிப்பாகம் மணலில் இறங்காமல் துள்ளி, பந்தின் வயிற்றில் படும். கிரீனைத் தாண்டிப் போகும். முகத்தைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் கிளப்புகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து விடுங்கள்.

வெட்ஜ் தூரம் அளக்க நாஞ்சில் நாட்டு வயல்கள் உதவும். கும்பப்பூ அறுவடை முடிந்து தரை காய்ந்த பிறகு, வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆளோ மாடோ இல்லாத திசையில் 40 முதல் 100 யார்டு வரை பத்துக்குப் பத்து கொடி நடுங்கள். அறுத்த நெல்லின் தாளில் அடித்தால் கணுக்காலும் போகும், கிளப்பும் போகும். ஒரு பாய் விரித்து அடியுங்கள். மூன்று வெட்ஜ், ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரம், மார்பு உயரம், முழு வீச்சு என்று மூன்று அளவு. ஒன்பது தூரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பந்து அடித்து, பந்து விழுந்த இடத்தை அளந்து, மிக நீண்டதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுத்தூரத்தை எழுதுங்கள். பயிற்சிப் பந்து வேறு, போட்டிப் பந்து வேறு என்றால் இந்தக் கணக்கே வீண். பந்து விழுந்த பிறகு உருளும் தூரத்தையும் சேர்க்காதீர்கள்; வயலும் கிரீனும் ஒன்றல்ல.

பட்டிங்

அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். 20 அடியில் ஏறக்குறைய ஏழில் ஒன்று. ஆனால் 3 அடியில் அவர்கள் தவறவிடுவது மிக அரிது. அதனால் வீட்டுத் தரைவிரிப்பில் 3 முதல் 6 அடி வரை பழகுவது வீணாகாது. பட்டர் முகத்தின் அகலத்தை விடச் சற்றே கூடுதல் இடைவெளியில் இரண்டு நாணயம் வைத்து, இடையில் பட்டரை ஓட்டுங்கள். குழிக்கு 108 மி.மீ. அகலத்தில் காகிதம் வெட்டி ஒட்டினால் போதும். நீண்ட பட்டின் வேகத்தை வீட்டில் பழக முடியாது. மைதானத்துக்குப் போகிற நாளில் பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

தென்னிந்திய மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். இதில் புல் சாய்ந்திருக்கும் திசை பந்தின் வேகத்தை மாற்றும். பந்திலிருந்து குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வு உங்களோடு போகிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, பந்து சீக்கிரம் நிற்கும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள்; ஒரு பக்கம் பிசிறாக, பழுப்பாக இருக்கும். புல் சாய்வது அந்தப் பக்கம் நோக்கித்தான்.

காற்றும் உயரமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அந்தக் காற்றில் நின்று பழகியவருக்கு வேறெந்த ஊர்க் காற்றும் புதிதாக இராது. எதிர்காற்றுக்குப் பொதுக் கணக்கு: மணிக்கு 16 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் தூரம் குறையும். அதே வேகத்தில் பின்காற்று 5 சதவீதம்தான் கூட்டும். எதிர்காற்றில் பலமாக அடிப்பது தவறு. பலமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து மேலே ஏறி நின்று விழும். ஒன்றிரண்டு கிளப் பெரிதாக (7 அயர்னுக்குப் பதில் 6 அல்லது 5) எடுத்து, பந்தை ஒரு பந்தளவு பின்னால் வைத்து, முக்கால் வீச்சில் அடித்து, கையைத் தோளுக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

கொடைக்கானல், ஊட்டி போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் பந்து ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கடல் மட்டத்தில் எடுத்த உங்கள் எண்களை அங்கே அப்படியே நம்பினால் முதல் நாள் முழுக்க கிரீனுக்குப் பின்னால்தான் நிற்பீர்கள்.

உடம்பு, சாப்பாடு, மருந்து

18 குழி என்பது 8 முதல் 10 கி.மீ. நடை, நாலரை மணி நேரத்துக்கு மேல், நான்கு நாள் தொடர்ந்து. வாரம் இரண்டு நாள் மருந்துவாழ்மலை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் தொடை பழகும், மெதுவாக இறங்குங்கள். டீ நேரத்துக்கு (ஆட்டம் தொடங்கும் நேரம்) இரண்டரை மணி முன்னால் இட்லியோ சம்பா அரிசிக் கஞ்சியோ சாப்பிட்டு முடியுங்கள். மரச்சீனியும் மீன்குழம்பும் ஆட்டம் முடிந்த பிறகு. ஆட்டத்தின்போது மூன்று குழிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போட வேண்டும். மட்டிப்பழம் இதற்கு நல்லது, இரண்டு வாயில் முடிந்துவிடும். ஆனால் தோல் மெல்லியது, பையில் நசுங்கும், கெட்டி டப்பாவில் வையுங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர், அதில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ். தாகம் வந்த பிறகு குடிக்கத் தொடங்கினால் 14-ஆவது குழியில் கணக்குப் பிசகும்.

மருந்தில் கவனம் தேவை. ஊக்கமருந்துச் சோதனை இந்த விளையாட்டிலும் உண்டு. கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதால் போட்டி நேரத்தில் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளுக்கு கோல்ஃபில் தடை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ கொடுக்கும் ப்ரோப்ரனோலால், அட்டினோலால் இதில் சேரும். டாக்டர் எழுதித் தந்தது என்று சும்மா இருக்க முடியாது, முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்க வேண்டும். நம் ஊரில் தடவலுக்கும் வர்ம வைத்தியத்துக்கும் போவது வழக்கம். தடவல் தாராளமாகச் செய்துகொள்ளலாம். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டு ஒட்டாத லேகியத்தையும் சூரணத்தையும் மட்டும் போட்டி நாட்களில் தொடாதீர்கள்.

பை

அதிகபட்சம் 14 கிளப். பயிற்சிக்கு வைத்திருந்த பதினைந்தாவது பையில் தங்கிவிட்டால், அது இருந்த ஒவ்வொரு குழிக்கும் இரண்டு ஸ்ட்ரோக், ஒரு ரவுண்டுக்கு நான்கு ஸ்ட்ரோக் வரை அபராதம். முதல் டீயில் வாய்விட்டு எண்ணுங்கள், கேடியையும் எண்ணச் சொல்லுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கிளப்புகளை மொட்டை மாடி அறையிலோ கார் டிக்கியிலோ போட்டு வைக்கக் கூடாது. உப்புக்காற்று முதலில் வெட்ஜின் பள்ளங்களையும் எஃகுத் தண்டையும் பிடிக்கும். வியர்வையில் கிரிப் வழவழப்பாகும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். வழவழத்த கிரிப்பை உங்களை அறியாமலே இறுக்கிப் பிடிப்பீர்கள், வீச்சு குறையும். ஒரு ரவுண்டுக்கு கையுறை நான்கு, துண்டு மூன்று, ஒரே வகைப் பந்து ஒன்பது, மழையுறை ஒரு ஜோடி.

போட்டி வாரம்

ரவுண்டுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். பயிற்சி ரவுண்டில் ஸ்கோர் எழுத வேண்டாம். ஒவ்வொரு கிரீனிலும் இன்று குழி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மற்ற நான்கு மூலைகளுக்கும் பட்டரால் பந்தை உருட்டிப் பாருங்கள். போட்டியில் குழி அங்கேதான் வரும். ஒவ்வொரு குழிக்கும் ஒன்றை மட்டும் யார்டேஜ் புத்தகத்தில் (மைதானத்தின் தூரங்களைக் குறித்த கையேடு) பெரிதாக எழுதுங்கள்: எந்தப் பக்கம் தவறினால் பிழைக்கலாம். பங்க்கர் மணல் எவ்வளவு ஆழம் என்று இரண்டு மூன்றில் இறங்கிப் பாருங்கள். லோக்கல் ரூல்ஸ் தாளை வாங்கி, தூரமானி அனுமதி உண்டா, மழைக்குப் பிறகு பந்தை எடுத்துத் துடைத்து வைக்க அனுமதி உண்டா, எவ்வளவு தூரத்துக்குள் என்று பாருங்கள். அனுமதி இருந்தாலும் அடையாளம் வைத்த பிறகே பந்தை எடுப்பது நல்ல பழக்கம்.

கேடியிடம் கூலியையும் பரிசில் பங்கையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். அந்த மைதானத்தின் கேடி புல்லின் சாய்வை உங்களை விட நன்றாக அறிவார். உங்கள் தூரங்களை அறியமாட்டார். கிளப் வாரியாக உங்கள் எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். "என்ன கிளப் எடுக்கலாம் அண்ணே?" என்று கேட்காமல், "முன் விளிம்பு எவ்வளவு? காற்று எங்கிருந்து?" என்று கேளுங்கள்.

ரவுண்ட் நாளில் டீ நேரத்துக்கு 75 நிமிடம் முன்னால் மைதானத்தில் இருங்கள். 10 நிமிடம் உடம்பைத் தளர்த்தி, 35 நிமிடத்தில் நாற்பது பந்து, 10 நிமிடம் சிப் (கிரீனுக்கு வெளியிலிருந்து அடிக்கும் சின்ன அடி), 10 நிமிடம் பட்டிங், பத்து நிமிடம் மீதி வைத்து முதல் டீ. அந்த நாற்பதில் கடைசிப் பந்து முதல் டீயில் எடுக்கப்போகும் கிளப்பாக இருக்கட்டும். தாமதம் ஐந்து நிமிடத்துக்குள் என்றால் இரண்டு ஸ்ட்ரோக், அதற்கு மேல் தகுதி நீக்கம்.

ஒரு ஷாட் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். கிரீனின் முன் விளிம்புக்கு 138 யார்டு. அன்றைய பின் ஷீட்டில் (குழி இருக்கும் இடங்களைக் காட்டும் தாள்) 22, இடது 5. அதாவது குழி முன்விளிம்பிலிருந்து 22 யார்டு உள்ளே, இடது ஓரத்திலிருந்து 5 யார்டு. மொத்தம் 160. எதிர்காற்று 16 கி.மீ., 16 கூட்டினால் 176. கிரீன் மூன்று யார்டு தாழ்ந்திருக்கிறது, 173. உங்கள் 7 அயர்ன் 170, 6 அயர்ன் 182. கிரீனின் ஆழம் 32 யார்டு, பின்னால் சரிவு, இடது பக்கம் பங்க்கர். 6 அயர்ன் குழியை ஒன்பது யார்டு தாண்டிப் பின்விளிம்பில் விழுந்து சரிவில் இறங்கும். 7 அயர்ன் மூன்று யார்டு குறைவாக விழும், அங்கிருந்து மேல்நோக்கிப் பட்டு. ஆகவே 7 அயர்ன், வழக்கமான வேகம், குறி குழிக்கு ஏழு யார்டு வலது. குழிக்கு நேராகக் குறி வைத்தால் கொஞ்சம் இழுத்த பந்தும் பங்க்கரில். இவ்வளவையும் உங்கள் முறை வருவதற்கு முன் முடித்திருக்க வேண்டும். முறை வந்த பிறகு ஒரு ஷாட்டுக்கு 40 விநாடிக்குள் என்று விதியே பரிந்துரைக்கிறது.

பந்து தொலையலாம் என்று தோன்றினால் இன்னொன்றை அடிக்கும் முன் "ப்ரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழச் சொல்லுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட மூன்று நிமிடம்தான். விதிப்படி பந்தை டிராப் செய்வது (கையிலிருந்து கீழே விடுவது) முழங்கால் உயரத்திலிருந்து. நீண்ட சைரன் ஒன்று ஒலித்தால் இடி மின்னல் அபாயம். ஸ்டான்ஸ் எடுத்து அடிக்க நின்றுவிட்டாலும் அந்த ஷாட்டை அடிக்கக் கூடாது, அடித்தால் தகுதி நீக்கம்.

ஆட்டம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் ஸ்கோரிங் அறைக்குப் போங்கள். உங்கள் கார்டை எழுதியவர் இன்னொரு ஆட்டக்காரர்; குழி குழியாக அவரோடு படித்துச் சரிபார்க்க வேண்டியது நீங்கள். ஒரு குழியில் ஆடியதை விடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். மொத்தத்தைக் கூட்டுவது கமிட்டியின் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒவ்வொரு குழியின் எண்ணும் இரண்டு கையெழுத்தும்.

பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள்: எந்தக் குழியில் எந்தக் கிளப், எந்தப் பக்கம் தவறியது, முதல் பட்டுக்குப் பிறகு எத்தனை அடி மிச்சம். இருட்டும்வரை பயிற்சித் திடலான ரேஞ்சில் நின்று அடிப்பதை விட இது மறுநாளைக்கு உதவும். கட் தவறினால் மறுநாள் காலை அந்தக் குறிப்பில் அதிகம் வந்த தவறு ஒன்றை மட்டும் பழகிவிட்டு ரயில் ஏறுங்கள். நுழைவுக் கட்டணம், கேடி கூலி, அறை, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ரசீதை ஒரே உறையில் போட்டு, மேலே போட்டியின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பரிசுப் பணம் வரி பிடித்த பிறகே கைக்கு வரும். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று அந்தந்தக் காலாண்டு முடிந்ததும் பாருங்கள். ஏறாவிட்டால் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் முன்பே போட்டி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.